எங்கள் உடம்புக்கு அரைப் பேர் போடாதே!

ஊவாத் தோட்டங்களின் தோழர்களே, அக்கா தங்கச்சிமாரே!

தீபாவளி முற்பணம் கைக்கு வருகிற காலம் இது. பிள்ளைகளுக்கு உடுப்பு, பலகாரத்துக்கு மாவும் எண்ணெயும், மிஞ்சினால் ஒரு டின் பெயின்ட். பசறையிலும் லுணுகலையிலும் ஹாலிஎலயிலும் நமுனுகுலையிலும் இன்னும் சில நாளில் லயத்துக்கு லயம் ஒரே சத்தம்தான் கேட்கும். கதவு சுரண்டுகிற சத்தம். பழைய பச்சைப் பெயின்ட்டைக் கத்தியால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, விழுந்த தூசியைத் துடைப்பத்தால் கூட்டி இஸ்தோப்புக்கு வெளியே தள்ளுவோம். சுரண்டுவது யார்? பகல் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு அந்தியில் வீடு திரும்பிய பொம்பிளை. உரிந்து விழுந்த துண்டுகளைப் பொறுக்கி விளையாடிக்கொண்டு பக்கத்தில் இருப்பது யார்? அவளுடைய இரண்டு வயதுப் பிள்ளை.

கத்தியைக் கீழே வையுங்கள். இதை முழுக்க வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத அம்மாமாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பழைய எனாமல் பெயின்ட்டில் ஈயம் இருக்கும். நிறம் பளிச்சென்று நிற்கவும், சீக்கிரம் காயவும், மழைக்கும் மலை மூட்டத்துக்கும் தாங்கவும் கம்பனிகள் அதைச் சேர்த்தன. பெயின்ட்டில் எவ்வளவு ஈயம் இருக்கலாம் என்று இலங்கையில் எல்லை வைத்த விதி 2013 ஜனவரி 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் சுற்றாடல் நீதிக்கான மையம் உச்ச நீதிமன்றம் வரை போனதால் வந்தது. பத்து லட்சம் பங்கில் எமல்ஷனுக்கு 90 பங்கு, எனாமலுக்கு 600 பங்கு என்று அந்த விதி சொன்னது. ஆனால் விதி கடையில் இருக்கும் டின்னைத்தான் பிடிக்கும். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கட்டிய காம்பராவின் கதவிலும், எழுபதுகளில் எண்பதுகளில் பூசிய ஜன்னலிலும், பிள்ளை மடுவத்துத் தொட்டில் கம்பியிலும் அடுக்கடுக்காகக் கிடக்கும் பெயின்ட்டை அது தொடாது. தொடுவது நாம். நம் நகம், நம் கத்தி, நம் துடைப்பம்.

ஒவ்வொரு வருடமும் அக்டோபர் மாதத்தில் ஒரு வாரத்தை ஈய நஞ்சைத் தடுக்கும் வாரமாக 2013 முதல் உலகமெங்கும் அனுசரிக்கிறார்கள். நம் தீபாவளியும் அந்த நாட்களை ஒட்டியே வருகிறது. உலகம் ஈயத்தைப் பற்றிப் பேசும் நாளில்தான் நாம் அதைச் சுரண்டித் தூசியாக்கி மூச்சில் இழுக்கிறோம்.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள் நான். எங்கள் லயத்துக்குக் கரண்ட் வருவதற்கு முன்பே டீவி வந்துவிட்டது. கார் பெட்டரியில் ஓடும் சின்னக் கறுப்பு வெள்ளை டீவி. சனிக்கிழமை படம் பார்ப்பதற்காக அப்பா அந்தப் பெட்டரியைத் தோளில் சுமந்து டவுனுக்குக் கொண்டுபோய் சார்ஜ் போட்டுக்கொண்டு வருவார். அது நாங்கள் படுக்கும் பாயின் தலைமாட்டில் இருக்கும். அது செத்துப்போனதும் என் அண்ணன்மார் கோடரியால் உடைத்து, உள்ளே இருந்த தகடுகளை எடுத்து, மீன் டின்னுக்குள் போட்டு அடுப்பில் உருக்கினார்கள். சோடாப் போத்தல் மூடியில் ஊற்றி ஈயக் காசு வார்த்தார்கள். எனக்கும் இரண்டு தந்தார்கள். வாயில் போட்டுச் சப்பினேன், குளிர்ச்சியாக இருந்தது. மறுநாள் காலையில் அதே அடுப்பில், அதே சாம்பலைக் கிளறி அம்மா ரொட்டி சுட்டார். அப்போது அம்மாவுக்கு ஐந்து மாதம்.

டிஸ்பென்சரிக்குப் போனபோதெல்லாம் அம்மாவுக்குச் சொன்னது ஒன்றுதான்: உனக்கு ரத்தம் இல்லை. ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லை. தம்பி எடை குறைந்து பிறந்தான். பள்ளிக்கூடத்தில் எழுத்து அவனுக்கு ஏறவில்லை. அடி வாங்கினான், மூன்றாம் வகுப்போடு நின்றான். அந்த அடுப்பும் அந்த ஈயமும்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வறுமையில் பிள்ளை பின்தங்கக் காரணம் நூறு உண்டு. ஆனால் அம்மாவின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று ஒருவர்கூட ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கவில்லை. என் கோபம் அதுதான்.

இப்போது உங்கள் கிளினிக் அட்டையை எடுத்துப் பாருங்கள். நிறைக்கு ஒரு கட்டம் இருக்கும், பிரஷருக்கு ஒரு கட்டம் இருக்கும், ஹீமோகுளோபினுக்கு ஒரு கட்டம் இருக்கும். ஈயத்துக்குக் கட்டம் இல்லை.

தோழர்களே, இதுதான் நான் சொல்ல வந்தது. ஈயம் ஒன்று, ஆனால் அது போய்ச் சேரும் உடம்பு ஒன்றல்ல. பிள்ளையின் உடம்பில் ஒரு விதம், பிள்ளை சுமப்பவளின் உடம்பில் ஒரு விதம், மாதவிலக்கு நின்ற அம்மாவின் உடம்பில் இன்னொரு விதம், ஆம்பிளையின் உடம்பில் வேறு விதம். நம் தோட்டங்களில் யார் அதிகம் என்று எண்ணிப் பாருங்கள்! மலையில் கூடை தூக்குவது பெண்கள். மடுவத்தில் கிடப்பது பிள்ளைகள். இந்த நஞ்சு எந்த உடம்புகளைக் கூடுதலாகப் பிடிக்குமோ அந்த உடம்புகளால்தான் ஊவாவின் தேயிலை நடக்கிறது.

பிள்ளையில் தொடங்குகிறேன். வளர்ந்த ஆள் ஈயத்தூசியை விழுங்கினால் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ரத்தத்தில் ஏறும். சின்னப் பிள்ளை விழுங்கினால் பாதி வரைக்கும் ஏறும். பிள்ளை தரையில் தவழ்கிறது, கையை வாயில் வைக்கிறது, தன் நிறைக்கு நம்மைவிட அதிகம் சாப்பிடுகிறது, அதிகம் மூச்சு விடுகிறது. ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள்தான் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் உச்சத்துக்குப் போகிறது. அதே மாதங்களில்தான் மூளை வேகவேகமாக வளர்கிறது. மூளைக்குக் காவலாக இருக்கும் தடுப்பும் அந்த வயதில் முழுசாக இறுகியிருக்காது. ஏழு ஆய்வுகளில் இருந்த 1333 பிள்ளைகளின் கணக்கை ஒன்றாகச் சேர்த்து 2005இல் வெளியிட்டார்கள். ஒரு டெசிலீட்டர் ரத்தத்தில் 2.4 மைக்ரோகிராமிலிருந்து 10 மைக்ரோகிராமுக்கு ஈயம் ஏறும்போது பிள்ளையின் அறிவுத்திறன் அளவில் சுமார் 4 புள்ளி போகிறது. மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்ததில் ஒரு துண்டு. அத்தனை சிறிய அளவிலேயே சேதம் தொடங்கிவிடுகிறது. இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காய்ச்சல் வராது, புண் வராது. பிள்ளை பாடத்தில் பின்னே போகும், அவ்வளவுதான். நாம் என்ன சொல்வோம்? மக்குப் பிள்ளை, தோட்டத்துப் பிள்ளை என்று சொல்லி, அவன் கையிலும் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்துவிடுவோம்.

ஆண் பிள்ளைக்கா பெண் பிள்ளைக்கா சேதம் கூடுதல் என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் சின்சினாட்டியில் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்து பார்த்த பிள்ளைகள் பெரியவர்களானதும் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். சிறுவயதில் ஈயம் ஏறியவர்களின் முன்மூளை சுருங்கியிருந்தது. ஆண்களிடம் அது கூடுதலாகத் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் போர்ட் பிரீ என்ற ஊரில், ஈயம் உருக்கும் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த பிள்ளைகளைப் பார்த்தபோது அறிவுச் சோதனையில் பெண் பிள்ளைகள் கூடுதலாகப் பின்தங்கினார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் அப்படியே. ஆகவே இரண்டில் ஒன்றைக் காப்பாற்றினால் போதும் என்று எந்தத் தாயும் நினைக்க வேண்டாம். ஓடித் திரிந்து குழப்படி பண்ணுகிற பையனை வாத்தியார் கவனிப்பார். மூலையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளையை நல்ல பிள்ளை என்று சொல்லி விட்டுவிடுவார். அந்த மௌனத்தையும் சந்தேகியுங்கள்.

இனித் தாய்மார். இதைச் சற்று ஆறுதலாகச் சொல்ல வேண்டும்.

ஈயம் உடம்புக்குள் போனால் சுண்ணாம்புச் சத்து மாதிரி வேஷம் போடும். எலும்பு அதை நம்பி உள்ளே சேர்த்துக்கொள்ளும். வளர்ந்தவர் உடம்பில் இருக்கும் ஈயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. ரத்தத்தில் உள்ளது ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். எலும்பில் உள்ளது பத்து, இருபது, முப்பது வருடம் கிடக்கும். பிறகு ஒருத்தி பிள்ளை உண்டாகிறாள். வயிற்றில் உள்ளதற்கு எலும்பு கட்டச் சுண்ணாம்பு வேண்டும். சாப்பாட்டில் அது போதாவிட்டால் தாயின் எலும்பு கரைகிறது. கரையும்போது பழைய ஈயமும் சேர்ந்து ரத்தத்துக்கு வருகிறது. நஞ்சுக்கொடி அதைத் தடுக்காது. தாயின் ரத்தத்தில் உள்ளதற்குக் கிட்டத்தட்டச் சமமாகவே பிள்ளையின் தொப்புள்கொடி ரத்தத்திலும் இருக்கும்.

இதை நிரூபித்த விதத்தைக் கேளுங்கள், மனசை உலுக்கும். ஒவ்வொரு நாட்டுச் சுரங்கத்து ஈயத்துக்கும் தனி அடையாளம் உண்டு. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன பெண்களின் ரத்தத்தைத் தொண்ணூறுகளில் சோதித்தார்கள். அவர்கள் கர்ப்பமானபோது, விட்டுவந்த நாட்டின் ஈயம் ரத்தத்தில் மீண்டும் தலைகாட்டியது. சிறுமியாக இருந்தபோது தின்ற தூசி, கடல் தாண்டி வந்து, தன் பிள்ளையின் உடம்பில் இறங்குகிறது. ராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் கடல் தாண்டி வந்தவர்களின் பேத்திகளுக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

இலங்கையில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது 2002 ஜூன் மாதத்தில்தான். பண்டாரவளை, பதுளை ரோட்டை ஒட்டிய லயங்களில் அதற்கு முன் வளர்ந்த சிறுமிகள் இப்போது நாற்பதைத் தொடுகிறார்கள். பெட்ரோல் மாறிவிட்டது, எலும்பு மாறவில்லை. இன்னும் பத்து வருடத்தில் அவர்களுக்கு மாதவிலக்கு நிற்கும். அப்போது எலும்பு வேகமாகத் தேயத் தொடங்கும், எலும்புக்குள் கிடந்த ஈயம் மறுபடியும் வெளியே வரும். மாதவிலக்கு நின்ற பெண்களின் ரத்தத்தில் ஈயம் ஏறுவதை எண்பதுகளிலேயே அமெரிக்காவில் கண்டுவிட்டார்கள். பென்ஷன் வயதில் பிரஷர், கிட்னி என்று பதுளை ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் நம் அம்மாமாரிடம் ஒருவரும் சின்ன வயதில் எந்த ரோட்டோரம் வளர்ந்தாய் என்று கேட்பதில்லை.

இன்னும் ஒன்று உண்டு, இது நம் கூடைக்குள்ளேயே இருக்கிறது. இரும்புச் சத்து குறைந்த உடம்பு ஈயத்தை விரும்பி இழுக்கும். குடலில் இரும்பைத் தூக்கி ரத்தத்துக்குள் விடும் அதே கதவு ஈயத்துக்கும் திறக்கிறது. இரும்பு இல்லாதபோது அந்தக் கதவு அகலமாகத் திறந்து கிடக்கும். வெறும் வயிற்றிலும் அப்படியே: சாப்பிட்ட வயிற்றைவிடப் பட்டினி வயிறு பல மடங்கு ஈயத்தை உறிஞ்சும். காலை பெரட்டுக்கு நாம் எதைக் குடித்துவிட்டு ஓடுகிறோம்? ஒரு கோப்பைச் சாயத் தண்ணி. அந்தச் சாயம் சாப்பாட்டில் உள்ள இரும்பையும் ஏறவிடாமல் பிடித்துவைக்கும். கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கும் அக்காமார் எத்தனை பேர்! தோழிகளே, நாம் பறித்த கொழுந்தே நம் மருந்தைக் கொல்கிறது. மாத்திரையைத் தண்ணீரில் விழுங்குங்கள். கூட ஒரு கொய்யாக்காய் தின்னுங்கள், அல்லது தேசிக்காய் பிழிந்து குடியுங்கள். தேத்தண்ணியை இரண்டு மணித்தியாலம் தள்ளிப் போடுங்கள். கல்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு வையுங்கள். அதைத் தூக்கி எறியாதீர்கள். கர்ப்பிணித் தாய்மாருக்குத் தினமும் கல்சியம் கொடுத்தபோது ரத்தத்தில் ஈயம் குறைந்ததை மெக்ஸிகோ நகரில் அளந்து காட்டினார்கள். அரசாங்கம் சும்மா தரும் அந்தச் சுண்ணாம்பு மாத்திரை உங்கள் பிள்ளைக்குக் காவல்.

மசக்கையில் மண் தின்ன ஆசை வருமே, சாம்பல் நக்கத் தோன்றுமே, அதை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ரத்தம் குறைந்த உடம்பின் கூப்பாடு அது. லயத்துச் சுவரோரம் உள்ள மண்ணில்தான் இத்தனை வருடத்துப் பெயின்ட் உதிர்ந்து கிடக்கிறது. குடும்ப நல உத்தியோகத்தரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். தாய்ப்பாலைப் பற்றி யாராவது பயமுறுத்தினால் கேட்காதீர்கள். பாலில் இறங்கும் ஈயம் சொற்பம், பாலால் கிடைக்கும் நன்மை பெரிது.

ஒரே அளவு ஈயம் ஆணின் ரத்தத்திலும் பெண்ணின் ரத்தத்திலும் இருந்தால்கூட, ரத்தம் உண்டாகும் வேலை பெண்ணுக்கு முன்கூட்டியே கெடுகிறது என்று எழுபதுகளில் ஐரோப்பாவில் சோதித்துச் சொன்னார்கள். நம் அம்மாமாரின் ரத்தச்சோகைக்குக் கீரை சாப்பிடு என்பது மட்டும் பதில் ஆகாது. 2016இல் நாடு முழுக்க எடுத்த குடித்தொகை சுகாதாரக் கணக்கில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாட்டில் நூற்றுக்கு 17 பேர், தோட்டங்களில் 32 பேர். கிட்டத்தட்ட இரட்டிப்பு. இந்த வயிறுகளுக்குள்தான் ஈயம் போகிறது.

ஆண் தோழர்களே, நழுவ வேண்டாம். இது பொம்பிளைகளின் விஷயம் என்று சாராயக் கடைப் பக்கம் போய்விடாதீர்கள். பெரும்பாலும் எல்லா நாட்டிலும் ஆண்களின் ரத்தத்தில்தான் ஈயம் கூடுதலாக இருக்கிறது. பெட்டரி உடைப்பது, ரேடியேட்டருக்குப் பற்று வைப்பது, பழைய இரும்பு வாங்கி விற்பது எல்லாம் உங்கள் வேலை. ஈயம் ஒட்டிக்கொள்வது சிவப்பணுவில், அதுவும் உங்களுக்குக் கூடுதல். பிரஷர் ஏறும், கிட்னி பழுதாகும், விந்தின் எண்ணிக்கை குறையும். பிள்ளை இல்லை என்று பெஞ்சாதியை ஏசுவதற்கு முன் உங்கள் வேலை என்னவென்று பாருங்கள். கொழும்பில் கராஜில் நிற்கும் நம் பையன்மார் லீவுக்கு வரும்போது ஊத்தை உடுப்பை மூட்டையாகக் கட்டி அம்மாவிடம் தருகிறார்கள். அம்மா அதை உதறித் துவைக்கிறார். அந்த உதறலில் பறப்பது ஈயத்தூசி. உடுப்பை வேலைத் தலத்திலேயே மாற்றுங்கள், தனியாகத் துவையுங்கள், கையும் முகமும் கழுவாமல் பிள்ளையைத் தூக்காதீர்கள்.

வீட்டுக்குள் வரும் ஈயத்தூசி என்ன செய்யும் என்று பாருங்கள். செனகல் நாட்டில் டக்கார் நகரத்துக்கு அருகே தியரோயே என்ற இடம். பழைய பெட்டரி உடைத்த மண்ணில் ஈயத்துகள் இருக்கிறது, சலித்து விற்றால் காசு என்று கேள்விப்பட்ட பெண்கள் மண்ணை மூட்டையாக வீட்டுக்குக் கொண்டுவந்து சலித்தார்கள், பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு. 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 பிள்ளைகள் செத்துப்போனார்கள். தாய்மாருக்கும் நஞ்சு ஏறியிருந்தது, ஆனால் செத்தது பிள்ளைகள். அந்தப் பெண்கள் நம்மைப் போன்றவர்கள். சம்பளம் போதாதவர்கள்.

அந்தத் தாய்மார் தேடிப் போனது காசை. நம் வீட்டுக்கு ஈயம் தேடாமலே வருகிறது. பழைய கார்ப் பாகங்களையும் கழிவு உலோகத்தையும் உருக்கி வார்க்கும் மலிவான அலுமினியச் சட்டியிலிருந்து, புளியும் தக்காளியும் கொதிக்கும்போது ஈயம் கறிக்குள் இறங்குவதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். பிள்ளையின் கண்ணுக்கு இடும் கடை மையிலும், சிவந்து மின்னும் மலிவான குங்குமத்திலும் அது இருக்கலாம். விளக்குக் கரியில் வீட்டிலேயே மை செய்த பாட்டிமார் எவ்வளவு கெட்டிக்காரிகள்! மஞ்சள் தூளுக்கு நிறம் ஏற்ற ஈயக் குரோமேட் கலப்பவர்கள் உண்டு. விலை ஏறினால் கலப்படமும் ஏறும், 2020இல் மஞ்சளுக்கு நாம் அலைந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பழைய கதவையும் பெயின்ட் அடித்த பலகையையும் வெட்டி அடுப்பில் வைக்கவே வைக்காதீர்கள். அந்தப் புகை முழுக்க ஈயம்.

தேயிலைக்கு ஈயம் புதிதல்ல என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அந்தக் காலத்தில் இலங்கைத் தேயிலை லண்டனுக்குப் போனது ஈயத்தகடு உள்ளே விரித்த மரப்பெட்டியில். தேயிலை நமத்துப் போகக்கூடாது என்று அத்தனை கவனம். தகட்டைக் கையால் தொட்டு மடித்து மூடியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அவர்கள் உடம்பைப் பற்றி எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை. பின்னால் அலுமினியத்தாள் வந்தது, பெட்டி மாறியது.

அரைப் பேர் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முழு நாள் மலையில் நின்றாலும் நிறை குறைந்தால் அரைப் பேர், அரை நாள் சம்பளம். ஈயத்தின் கணக்கிலும் அதே அநியாயம்தான் நடந்தது. நீண்ட காலம் வேலைத் தலங்களுக்கு ஆபத்து அளவு என்று எழுதி வைத்தது பெரும்பாலும் திடகாத்திரமான ஆம்பிளைத் தொழிலாளியின் உடம்பைப் பார்த்து எழுதியது. பெண்ணும் பிள்ளையும் அந்தக் கணக்கில் அரைப் பேர். இன்றைக்குப் பிரிட்டனின் சட்டமே வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறது. ஈய வேலையிலிருந்து ஒருவரை நிறுத்திவைக்க வேண்டிய ரத்த அளவு, டெசிலீட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில், பொதுவாகத் தொழிலாளிக்கு 60, பதினெட்டு நிறையாதவருக்கு 50, கருத்தரிக்கும் வயதுப் பெண்ணுக்கு 30. அங்கே வயதுக்கும் பாலினத்துக்கும் தனிக் கட்டம் உண்டு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, விழுந்துவிடாதீர்கள். பெண்ணின் உடம்பு வேறு என்று சொன்னவுடன், அப்படியானால் பெண்களுக்கு வேலையே வேண்டாம் என்று நிர்வாகம் சொல்லும். அமெரிக்காவில் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் என்ற பெட்டரிக் கம்பனி, பிள்ளை பெறக்கூடிய பெண்கள் ஈயம் படும் வேலைக்கு வரக்கூடாது என்று கதவடைத்தது. வேலையைக் காப்பாற்றிக்கொள்ளக் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணும் அங்கே இருந்தாள். தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. 1991இல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் கம்பனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நாமும் அதே இடத்தில் நிற்க வேண்டும். உடம்பு வேறு என்பதற்காக எந்தப் பெண்ணின் பேரும் வெட்டப்படக்கூடாது. இடத்தைச் சுத்தம் செய், ஆளை வெளியேற்றாதே!

எண்ணினால்தான் தெரியும், தெரிந்தால்தான் கேட்க முடியும். காரணம் தெரியாத கிட்னி நோயைப் பற்றி அனுராதபுரம், பொலன்னறுவையோடு நம் பதுளை மாவட்டத்தையும் சேர்த்து ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். அந்த நோய் பெண்களில் நூற்றுக்கு 16.9, ஆண்களில் 12.9. ஆனால் முற்றிய நிலையில் இருந்தவர்கள் ஆண்களில் கூடுதல். அந்த நோயை ஈயத்தின் தலையில் கட்ட நான் வரவில்லை. நம் மாவட்டத்திலேயே ஆணையும் பெண்ணையும் பிரித்து எண்ண முடிந்திருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறேன். அங்கே முடிந்தால் தோட்டத்திலும் முடியும்.

எண்ணிய பிறகு நிறுத்தவும் முடியும். பங்களாதேஷில் 2019இல் சந்தை மஞ்சளைச் சோதித்தபோது நூற்றுக்கு 47 மாதிரிகளில் ஈயம். பத்திரிகையில் எழுதினார்கள், சந்தைக்குக் கருவியோடு போனார்கள், கலந்தவனுக்குத் தண்டம் போட்டார்கள். 2021இல் அந்த எண் பூச்சியம். இரண்டு வருடம்! யாரோ அவதாரம் எடுத்து வரவில்லை. அதிகாரிகளும் ஆய்வாளர்களும் பத்திரிகைக்காரரும் விடாமல் நின்றார்கள், அவ்வளவுதான்.

இங்கே எனக்குக் கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டம் நினைவுக்கு வருகிறது. அந்த மலை சரியும் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். சனங்கள் அதே லயத்தில் இருந்தார்கள். 2014 அக்டோபர் 29 காலையில் மலை வந்து மூடியது. அன்று நாடே கொஸ்லந்தைக்கு ஓடி வந்தது. ஈயம் சத்தம் போடாது. யாரும் ஓடி வர மாட்டார்கள். நாமே போக வேண்டும்.

நம்மால் முடியாது என்பவருக்கு 1940ஐ ஞாபகப்படுத்துகிறேன். பதுளையின் வேவஸ்ஸ தோட்டத்தில் நம் ஆட்கள் தங்களுக்குள் ஒரு தொழிலாளர் சபையைத் தெரிந்தெடுத்து, அந்தச் சபையைக் கேட்டுத்தான் துரை நடக்க வேண்டும் என்று ஒப்புக்கொள்ள வைத்தார்கள். படிப்பு இல்லாத காலம், பொலிசார் துப்பாக்கியோடு வந்த காலம். இன்று நம்மிடம் பட்டதாரிகள் இருக்கிறார்கள், நேர்ஸ்மார் இருக்கிறார்கள், ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்தச் சங்கத்துக்குச் சந்தா வெட்டினாலும் சரி, எந்தக் கொடியைப் பிடித்தாலும் சரி, ஈயம் கொடியைப் பார்ப்பதில்லை. எல்லாச் சங்கத்துத் தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிகளும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட வேண்டும்.

மனுவில் என்ன கேட்பது? கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கிளினிக்கிலேயே ஈயத்துக்கு ரத்தப் பரிசோதனை கேட்போம். டெசிலீட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி. அதை நடைமுறைப்படுத்தச் சொல்வோம். கணக்கை ஆண், பெண், வயது என்று பிரித்துத் தமிழில் ஒட்டச் சொல்வோம். எல்லாவற்றுக்கும் முன்னதாகப் பிள்ளை மடுவத்தின் கதவு, தொட்டில், சுவர்ப் பெயின்ட்டைக் கம்பனி தன் செலவில் சோதிக்க வேண்டும். 90ஐத் தாண்டிய எந்த டின்னும் லயத்துக்குள் வரக்கூடாது. பெட்டரி உடைப்பதும் உருக்குவதும் குடியிருக்கும் இடத்தை விட்டுப் போக வேண்டும். அந்தத் தொழிலால் வயிறு வளர்ப்பவருக்கு வேறு இடமும் கையுறையும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். அவர்களை விரட்டுவது நம் நோக்கமல்ல, அவர்கள் நம் பிள்ளைகள். பரிசோதனைக்குப் போகிற நாளுக்கு முழுப் பேர். அரைப் பேர் என்றால் ஒருத்தியும் போக மாட்டாள், அது அவர்களுக்கும் தெரியும்.

மனு பதுளைக்குப் போய்ச் சேர நாளாகும். தீபாவளிக்கு நாளில்லை. ஆகவே இன்றே செய்ய வேண்டியது இது. உரியாமல் நிற்கும் பழைய பெயின்ட்டைச் சுரண்டாதீர்கள், அதன் மேலேயே புதிதைப் பூசுங்கள். சுரண்டியே ஆக வேண்டும் என்றால் தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டுங்கள். பிள்ளைகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் அன்றைக்குப் பக்கத்து லயத்துக்கு அனுப்புங்கள். துடைப்பம் தொடாதீர்கள், ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியையும் தூசியையும் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். கத்தியை அக்காவின் கையிலிருந்து அண்ணன் வாங்கட்டும், வாய்க்குத் துணி கட்டிக்கொள்ளட்டும், முடிந்ததும் குளிக்கட்டும்.

தலைவர்மாரே, நாளைக் காலைப் பெரட்டுக் களத்தில் துரை வருவதற்கு முன் இதை உரத்து வாசியுங்கள். அம்மாமாரே, கூடையோடு கிளினிக் அட்டையையும் கொண்டுவாருங்கள். ஈயத்துக்குக் கட்டம் இல்லாத அந்த அட்டைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, அந்தக் கட்டோடுதான் மனுவைக் கொடுக்கப் போகிறோம்.